புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்?

புயல், பூகம்பம், போர், தொற்றுநோய் என்று எது வந்தாலும், பாதிக்கப்பட்ட மக்களுக்கு அரிசியும் எண்ணெயும் தார்ப்பாயும் கொடுக்க உலகம் முழுவதிலுமிருந்து நிவாரணப் பணியாளர்கள் போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், தூக்கம் கெட்டு உழைப்பவர்கள். ஆனால் சிலர் அப்படி இல்லை. அந்தச் சிலர் தகாத முறையில் நடந்தால், வாங்குகிற இடத்தில் இருப்பவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்ன பிறகு அடுத்த வாரம் அரிசி கிடைக்குமா? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மலர்க் குழுவினர் என்னிடம் சூரிய மின்சக்தி பற்றி எழுதச் சொன்னார்கள். ஏற்கெனவே மூன்று பேர் அதையே எழுதுகிறார்கள் என்று தெரிந்ததால் தப்பித்தேன்.

முதலில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போவோம். லைபீரியா, கினி, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளிலும் உள்நாட்டுப் போரால் லட்சக்கணக்கானோர் அகதி முகாம்களில் இருந்த காலம். 2001-ம் ஆண்டின் கடைசியில் ஐ.நா. அகதிகள் ஆணையமும், பிரிட்டனின் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பும் சேர்ந்து அங்கே ஓர் ஆய்வு நடத்தின. சுமார் 1,500 பேரிடம் பேசினார்கள். 2002 பிப்ரவரியில் வெளிவந்த விவரம் உலகத்தையே அதிர வைத்தது. ரேஷன் அட்டை, சமையல் எண்ணெய், கோதுமை ரவை, கூரைக்குப் போடும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றுக்குப் பதிலாகப் பதினெட்டு வயது நிரம்பாத பெண் பிள்ளைகளின் உடம்பையே விலையாகக் கேட்டிருக்கிறார்கள். 40-க்கும் மேற்பட்ட அமைப்புகளைச் சேர்ந்த 67 பேர் மீது குற்றச்சாட்டு. அதில் பலரும் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை, அந்தந்த ஊரிலேயே வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதே வருடம் ஐ.நா.வின் உள் தணிக்கை அலுவலகம் இதை விசாரித்தது. மிகச் சில வழக்குகளில் மட்டுமே போதிய ஆதாரம் கிடைத்தது. 'அப்போ எல்லாம் பொய்யா?' என்று அன்றைக்கே சிலர் கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடந்த அன்றே சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால் தேதி இருந்திருக்கும், பேர் இருந்திருக்கும், சாட்சி இருந்திருக்கும். மாதக்கணக்கில் கழித்து யாரோ வந்து விசாரித்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

இதற்குப் பிறகு சட்டதிட்டங்கள் வந்தன. 2003 அக்டோபரில் ஐ.நா. பொதுச்செயலாளர் ஓர் ஆணை வெளியிட்டார். உள்ளூர்ச் சட்டம் என்ன வயது சொன்னாலும் சரி, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரோடு உடலுறவு கூடாது. 'வயசு தெரியாம நடந்துபோச்சு' என்று சாக்குச் சொல்ல முடியாது. பணமோ, வேலையோ, பொருளோ கொடுத்து அதற்குப் பதிலாக உடலைக் கேட்கக் கூடாது. சக பணியாளர் மேல் சந்தேகம் வந்தால் மேலிடத்துக்குச் சொல்லியே ஆகவேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் இவையெல்லாம் கொடுப்பவனுக்குப் போட்ட விதிகள். வாங்குகிறவள் எந்தக் கதவைத் தட்டுவது?

2007-ல் 'சேவ் த சில்ட்ரன்' மறுபடியும் கேட்டுப் பார்த்தது. இந்த முறை ஹெய்ட்டி, ஐவரி கோஸ்ட், தெற்கு சூடான். 300-க்கும் மேற்பட்ட குழந்தைகளோடும் பெரியவர்களோடும் குழுக் குழுவாக உட்கார்ந்து பேசி, 2008-ல் அறிக்கை வெளியிட்டது. தவறுகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது வந்த காரணங்கள்: நிவாரணம் நின்றுபோகும். ஊரில் பேர் கெட்டுப்போகும். அவர்கள் பழிவாங்குவார்கள். எங்கே சொல்வது என்றே தெரியாது. சொன்னாலும் ஒன்றும் நடக்காது. ஏறக்குறைய அதே சமயத்தில் கென்யா, நமீபியா, தாய்லாந்து முகாம்களில் இன்னோர் ஆய்வு நடந்தது. அங்கேயும் இதே கதைதான்.

இந்தக் காரணங்களைப் படித்தபோது எனக்கு ஆப்பிரிக்கா தூரமாகவே படவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் தென்னை எல்லாம் சாய்ந்து, ஓடெல்லாம் பறந்து, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். நிவாரணச் சாமான் கொடுக்கப் பட்டியல் எழுதினார் ஒருவர். பேர் எழுதுவதற்கு ஐம்பது ரூபாய் கேட்டார். எங்கம்மா முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். 'ஏம்மா, மேல இருக்கிற ஆபீசர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?' என்று கேட்டேன். 'நாளைக்கும் அவர் மூஞ்சியிலதானேடி முழிக்கணும்' என்றாள். ஐம்பது ரூபாய்க்கே இந்தப் பயம் என்றால் மானம் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு எவ்வளவு பயம் இருக்கும்! பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் அதிகாரம். அவர் சாதாரண தினக்கூலியாக இருந்தாலும் சரி.

சரி, தொண்டு நிறுவனங்கள் என்ன செய்தன? முதலில் எல்லோரும் செய்தது ஒரு பெட்டி வைத்ததுதான். சாமான் கொடுக்கும் இடத்திலேயே பூட்டுப் போட்ட பெட்டி. புகாரை எழுதிப் போடலாம். பார்க்க நன்றாக இருக்கும், போட்டோவும் எடுக்கலாம். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். பெட்டி நடு மைதானத்தில் இருக்கிறது. யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று வரிசையில் நிற்கிற ஐந்நூறு பேரும் பார்க்கிறார்கள். சாமான் கொடுக்கிறவரும் பார்க்கிறார். சாவி யாரிடம்? பல நேரம் அதே முகாம் அலுவலகத்தில். மேற்கு ஆப்பிரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உள்ளூர் ஊழியர்கள் என்று சொன்னேனே, அங்கே இப்படி ஒரு பெட்டி வைத்தால் திருடனிடமே சாவி கொடுத்த மாதிரிதான்.

அதோடு, எழுதத் தெரிந்தால்தானே போடுவார்கள்? எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பதைத் தாண்டி மேலே வந்த முதல் ஆள் நான்தான். அதனால் எட்டாம் வகுப்பிலிருந்தே எங்கள் தெருவுக்கு மனு எழுதும் உத்தியோகம் எனக்கு. முதியோர் பென்ஷன், பட்டா, ரேஷன் கார்டில் பேர் திருத்தம், எல்லாம் என் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. என்னைவிட நன்றாக எழுதுகிற பையன்கள் தெருவில் உண்டு. ஆனாலும் பெண்கள் என்னைத் தேடித்தான் வருவார்கள். சில விஷயங்களைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, 'வேணாம் விடு பாப்பா' என்று எழுந்து போனவர்களும் உண்டு. எழுத்தில்தான் புகார் தர வேண்டும் என்றால், எழுதத் தெரியாதவள் இன்னொருத்தரிடம் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெட்டிக்குள் சீட்டு விழும் முன்பே ரகசியம் போய்விடுகிறது.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்கள் இதற்குச் சரியான உதாரணம். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய மொழி பெரும்பாலும் பேச்சிலேயே வாழ்வது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எழுத்து முறை அதற்கு இல்லை. பலர் பள்ளிக்கூடமே பார்க்காதவர்கள். அங்கே காகிதப் பெட்டி வைத்து என்ன பயன்? அவர்கள் முகம் பார்த்துப் பேசத்தான் விரும்பினார்கள். யாரிடம் பேசுவது? ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு 'மாஜி' இருந்தார். நம்ம ஊர் மாஜி மந்திரி இல்லை, அங்கே மாஜி என்றால் பகுதித் தலைவர். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல, நியமிக்கப்பட்டவர்கள். ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். சாமான் பட்டியலுக்கும் அவர், சண்டை சச்சரவுக்கும் அவர், புகாருக்கும் அவர். அந்த மாஜி மேலேயே புகார் என்றால்? பின்னர் சில முகாம்களில் தேர்தல் வைத்துக் குழுக்கள் அமைத்தார்கள், பெண்களும் தேர்வானார்கள்.

'போன் நம்பர் கொடுத்துவிட்டால் போச்சு' என்று நம்மில் பலர் நினைப்போம். எலக்ட்ரிகல் படிக்கிற எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் ரோஹிங்கியா அகதிகளுக்கு அப்போது சட்டப்படி சிம் கார்டு வாங்க அனுமதி இல்லை. 2019 செப்டம்பரில் அந்த நாட்டு அரசு இதில் கெடுபிடியும் செய்தது. போன் இருக்கிற வீட்டிலும் அது கணவன் சட்டைப் பையில்தான் இருக்கும். எதிர்முனையில் எடுப்பவர் ஆணா பெண்ணா, நம் பேச்சுப் புரியுமா, அழைப்புக்குக் காசு போகுமா, இத்தனை கேள்வி இருக்கிறது. இவற்றை யோசித்துச் செய்த முயற்சியும் உண்டு. ஆப்கானிஸ்தானில் 2018-ல் 'ஆவாஸ்' என்ற பொதுத் தொலைபேசிச் சேவையை ஐ.நா. தொடங்கியது. 410 என்ற மூன்றே எண், காசில்லாத அழைப்பு, பல மொழிகள், எடுத்துப் பேசப் பெண்களும் இருந்தார்கள். எந்த நிறுவனத்தின் மேல் புகார் என்றாலும் அந்த ஒரே எண். இது முக்கியம். முகாமில் இருப்பவருக்கு 'இந்த வண்டி எந்த நிறுவனம், இந்தத் தொப்பி எந்த நிறுவனம்' என்றெல்லாம் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இப்படிப் பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே புகார் வழியை நடத்துவது எப்படி என்று 2013 முதல் 2015 வரை எத்தியோப்பியாவிலும் காங்கோவிலும் சோதனை செய்து பார்த்தார்கள். 2016-ல் அதற்குக் கைநூலும் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, வழி எப்படி இருக்கவேண்டும் என்று முதலில் மக்களிடமே கேட்கச் சொல்வதுதான். ஒரே வழி போதாது. ஒருத்திக்குப் போன் சரிப்படும், இன்னொருத்திக்கு மருத்துவமனை நர்ஸ், வேறொருத்திக்குப் பெண்கள் கூடுகிற தையல் கூடம். காக்ஸ் பஜாரில் பெண்களுக்கென்றே தனி இடங்கள் அமைத்தார்கள். தையல் கற்கவும் போவார்கள், மருந்து கேட்கவும் போவார்கள், சும்மா உட்காரவும் போவார்கள். அதனால் ஒருத்தி உள்ளே போனால் 'ஓகோ, புகார் சொல்லப் போறா' என்று யாரும் கண் வைக்க முடியாது. நல்ல புகார் வழி என்பது பார்த்தால் புகார் வழி என்றே தெரியாததாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். மொட்டைக் கடிதம் வேறு, ரகசியம் காப்பது வேறு. மொட்டைக் கடிதத்தில் பேர் இருக்காது, எழுதியவருக்கு ஆபத்தும் குறைவு. ஆனால் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவும் முடியாது, அவருக்கு உதவி செய்யவும் முடியாது. நம் ஊரில் மொட்டைப் பெட்டிஷன் என்றாலே குப்பைக் கூடைக்குத்தான் என்று ஒரு பழக்கம். அது தப்பு. அதையும் வாங்கிப் பதிவு செய்யத்தான் வேண்டும். ஒரே ஆள் மேல் மூன்று மொட்டைக் கடிதம் வந்தால் அதுவே ஒரு சேதிதானே? ரகசியம் காப்பது என்பது பேர் தெரிந்தும் தேவையான இரண்டு மூன்று பேரைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வது. குற்றம் சாட்டப்பட்டவரோ, அவருடைய நேர் மேலதிகாரியோ அந்த இரண்டு மூன்று பேரில் இருக்கவே கூடாது. அங்கே டீ குடிக்கும்போது பேசுகிற பேச்சில்தான் பாதி ரகசியம் போகிறது என்று நினைக்கிறேன். ஏனென்றால் இங்கேயும் அப்படித்தான்.

கேட்பவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கும் முறை இருக்கிறது. புகார் வாங்குபவர் துப்பறியக் கூடாது. 'நீ ஏன் அங்க போன?', 'அப்பவே ஏன் சொல்லல?' என்று கேட்டால் அதோடு வாய் மூடிவிடும். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு, விசாரிக்கத் தெரிந்தவர்களிடம் சேர்க்க வேண்டும். இன்னொன்று, நிறுவன ஊழியர் கேட்டுவிட்டால் மேலே சொல்லியே ஆகவேண்டும் என்பது விதி. அப்படியானால் அவள் ஆரம்பிக்கும் முன்பே 'அம்மா, நீங்க சொன்னா நான் இன்னாரிடம் சொல்ல வேண்டியிருக்கும்' என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை. அப்புறம் சொல்வதும் விடுவதும் அவள் இஷ்டம். மருத்துவ உதவி மட்டும் விசாரணைக்காகக் காத்திருக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது அவளுக்குக் கிடைக்க வேண்டும்.

எங்கள் லேபில் இ.எல்.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன், மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்து உயிரைக் காப்பாற்றுவது அது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கியும் ட்ரிப் ஆகவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய வெறும் டப்பா. நம் வீடுகளில் யார் அமுக்குகிறோம்? புகார் வழிக்கும் இந்தப் பொத்தான் வேண்டும். 'அரிசி எடை குறைகிறது' என்று ஒரு சாதாரணப் புகாரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை நாளில் பதில் வருகிறது, யார் யாருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது என்று கவனிக்க வேண்டும். மக்களும் அப்படித்தான் சோதிப்பார்கள். எடை குறைந்ததற்குப் பதில் வராத இடத்தில் எவளும் தன் மானத்தைக் கொண்டுபோய் வைக்க மாட்டாள். மூன்று மாதமாக ஒரு புகாரும் வரவில்லை என்று நிர்வாகி சந்தோஷப்படக் கூடாது. மீட்டரில் முள் பூஜ்யத்தில் நின்றால் கரண்ட் இல்லை என்றும் அர்த்தம், மீட்டர் கெட்டுவிட்டது என்றும் அர்த்தம்.

மீட்டர் கெட்டிருந்ததைக் காட்டிய சம்பவம் காங்கோவில் நடந்தது. 2018 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை அந்த நாட்டின் கிழக்குப் பகுதியில் எபோலா நோய் பரவியது. உலக சுகாதார நிறுவனமும் மற்றவர்களும் ஏராளமான உள்ளூர் ஆட்களை வேலைக்கு எடுத்தார்கள். வேலை வேண்டுமானால் படுக்கைக்கு வா என்று கேட்டதாக 50-க்கும் மேற்பட்ட பெண்கள் சொன்னதைப் பத்திரிகையாளர்கள் 2020 செப்டம்பரில் வெளியிட்டார்கள். கவனியுங்கள், நிறுவனத்தின் புகார் வழியாக அல்ல, பத்திரிகையாளர் வழியாக வந்தது! பிறகு அமைத்த தனி விசாரணைக் குழு 2021 செப்டம்பரில் அறிக்கை தந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 83 பேர். அதில் 21 பேர் உலக சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். அறிக்கையில் என் மனதைச் சுட்டது வேறொன்று. வாய்மொழியாக வந்த புகாரை ஏற்காமல் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு புகாரில், அந்தப் பெண் நிறுவனத்தின் உதவி பெறும் பயனாளி இல்லை, ஆகவே இந்த விதிக்குள் வராது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். விதியைக் காப்பாற்றிவிட்டார்கள், அந்தப் பெண்ணைக் கைவிட்டுவிட்டார்கள்.

தண்டனை என்பதும் லேசான காரியம் இல்லை. 2010 பூகம்பத்துக்குப் பிறகு ஹெய்ட்டியில் பணி செய்த 'ஆக்ஸ்ஃபாம்' ஊழியர்கள் சிலரின் ஒழுக்கக்கேடு பற்றி 2011-ல் அந்த நிறுவனமே விசாரித்தது. நான்கு பேரை நீக்கியது. தலைமைப் பொறுப்பில் இருந்தவர் உட்பட மூன்று பேர் ராஜினாமா செய்ய விடப்பட்டார்கள். அந்தத் தலைமை அதிகாரி பிறகு வங்கதேசத்தில் வேறொரு நிறுவனத்தில் பெரிய பதவியில் சேர்ந்தார். 2018 பிப்ரவரியில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் எழுதும்வரை வெளி உலகத்துக்கு இந்த முழு விவரம் தெரியாது. இதைத் தடுக்க 2019-ல் ஓர் ஏற்பாடு வந்தது. ஆளை வேலைக்கு எடுக்கும் முன், கடந்த ஐந்து வருடங்களில் அவர் வேலை பார்த்த நிறுவனங்களிடம் 'இவர் மேல் இப்படி ஏதாவது உண்டா' என்று கேட்டு வாங்க வேண்டும். சேர விரும்பும் நிறுவனங்கள் சேரலாம், கட்டாயம் இல்லை. என்னைக் கேட்டால் கட்டாயமாக்க வேண்டும். நம் ஊரில் லாரி டிரைவரை வேலைக்கு வைக்கும்போதுகூடப் பழைய ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்கிறோமே!

காங்கோ பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 20 லட்சம் டாலரில் ஓர் உதவி நிதி ஒதுக்கியது. 2023 நவம்பரில் வந்த செய்தியின்படி, குறைந்தது 104 பெண்களுக்குத் தலா 250 டாலர் கொடுக்கப்பட்டது. அதை வாங்க அவர்கள் தொழில் பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும் என்றும் வைத்திருந்தார்கள். தெரிந்தவரையில் பாதிக்கப்பட்ட பெண்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேரை எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று அந்த நிறுவனமே சொன்னது.